ஒருவரும் சாகாத சனிக்கிழமை

சுவேதினியிடம் அவசரம் என்ற சாமான் கிடையாது. ஆண்டவர் அதைப் பங்கிட்டுக் கொடுத்த நாளில் அவள் வரிசையின் கடைசியில் நின்றிருப்பாள். முறை வருவதற்குள் தீர்ந்துபோயிருக்கும். பிறந்ததே குறித்த நாளுக்குப் பன்னிரண்டு நாள் பிந்தி. பள்ளிக்கூடத்தில் சோதனை முடிந்து மற்றப் பிள்ளைகள் மதிலில் ஏறியிருந்து மாங்காய் தின்கிற நேரத்தில், இவள் உள்ளே இன்னும் தலைப்புக்குக் கீழே கோடு போட்டுக்கொண்டிருப்பாள். தாய் யசிந்தாவுக்கு இதில் தீராத எரிச்சல். "உன்னைக் கடைக்குப் புளி வாங்க அனுப்பினா, நான் புளியங்கொட்டையை நட்டு, மரம் வளர்த்து, பறிச்சும் முடிச்சிடுவன்" என்பாள்.

இப்போது முப்பத்தொரு வயது. பள்ளிமுனைக் கரையில் இருக்கிற ஐஸ் கொம்பனியில் வேலை. எந்த வள்ளத்துக்கு எத்தனை ஐஸ் கட்டி என்று துண்டு எழுதிக் கொடுப்பது அவள் பொறுப்பு. வள்ளக்காரர் யன்னலுக்கு வெளியே நின்று, "பிள்ளை, நீ எழுதி முடிக்கிறதுக்குள்ளை மீன் தானே நடந்து கரைக்கு வந்திடும்" என்று கத்துவார்கள். அவள் சிரிப்பாள். எழுத்தின் வேகம் மட்டும் கூடாது. ஆனால் ஒன்பது வருடத்தில் ஒரு துண்டிலும் பிழை வந்ததில்லை, அதையும் சொல்லத்தானே வேண்டும்.

கிற்றார் அவளிடம் வந்தது பன்னிரண்டு வயதில், கோயில் பாடகர் குழுவில். ஐந்து நரம்பு மட்டும் மிஞ்சியிருந்த பழைய கிற்றார். ஒரு நரம்பைத் தட்டுவாள். அது ஒலித்து, மெலிந்து, இல்லாமல் போகும்வரை காத்திருப்பாள். பிறகுதான் அடுத்த தட்டு. பூசையில் இப்படி வாசித்தால் ஃபாதர் எப்போது வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவது? இரண்டு மாதத்தில் அவளை நைசாகக் கழற்றி விட்டார்கள். கிற்றாரை மட்டும் திருப்பிக் கேட்க மறந்துபோனார்கள்.

எதையும் மெள்ளச் செய்கிற இப்படியொரு ஆறுதல்காரிக்கு இந்தத் தீவில் கூட்டாளிகள் அகப்படுவார்கள் என்று யார் கண்டது? மூன்று பேர் அகப்பட்டார்கள். தாராபுரத்தில் ஃபோன் திருத்தும் கடை வைத்திருக்கிற ஸாஜித், இரண்டாவது கிற்றார். உடைந்த றேடியோக்களின் குடலை எடுத்து, ஒலியை நீட்டுகிற பெட்டிகளைத் தானே செய்துவிடுவான். வள்ளத்து எஞ்சின் திருத்துகிற றொஷான், ட்றம்ஸ். நேர்சரி ரீச்சர் நிருஷா, பாட்டு. பகல் முழுவதும் நாற்பது குஞ்சுகுருமான்களோடு கத்துகிறவள் அல்லவா, பாடும்போது அவளுக்குக் கத்த மனம் வராது. மூச்சு விடுகிற மாதிரித்தான் பாடுவாள். நாலு பேரும் சேர்ந்து பாண்டுக்கு 'வெள்ளாப்பு' என்று பெயர் வைத்தார்கள். விடிவதற்குச் சற்று முன்னே, கடலும் வானமும் ஒரே நிறத்தில் கிடக்கிற நேரம் அது.

மூன்று வருடமாக ஐஸ் கொம்பனியின் பழைய களஞ்சிய அறையில் ஒலிப்பதிவு செய்தார்கள். வெளிச்சத்தம் வராமல் சுவர் நிறைய மீன் ஏற்றுகிற வெள்ளை நுரைப் பெட்டிகளை, றெஜிபோம் பெட்டிகளை, அடுக்கினார்கள். பெட்டி வாசத்தில் முதல் கிழமை முழுவதும் நிருஷா மூக்கைப் பொத்திக்கொண்டே பாடினாள். வெளிச்சத்தம் நின்றாலும் ஐஸ் மெசினின் ரீங்காரம் நிற்கவில்லை. அதை நிறுத்தச் சொல்லவும் முடியாது, ஊர் மீன் நாறிவிடும். ஆகவே அவர்கள் மெசினோடு சண்டை பிடிக்காமல், மெசினுக்கே தங்கள் நரம்புகளைச் சுருதி சேர்த்துக்கொண்டார்கள். இப்படி உருவானதுதான் அவர்களின் முதல் அல்பம், 'கரை தெரியும் மட்டும்'. ஏழு பாட்டு, நாற்பத்துமூன்று நிமிடம்.

முதலாவது பாட்டில்தான் வில்லங்கம். அது சுவேதினியின் தனிக் கிற்றாரில் தொடங்குகிறது. ஒரு தட்டு. அது அடங்குகிறது. இன்னொரு தட்டு. இப்படியே ஒரு நிமிடத்துக்கு மேல் போகிறது. பிறகு ஸாஜித்தின் கிற்றார் புகை மாதிரி உள்ளே வருகிறது. மூன்றாவது நிமிடத்தில் றொஷான் ட்றம்ஸைத் தொட்டும் தொடாமலும் சேருகிறான். நாலரை நிமிடம் கழித்துத்தான் நிருஷா வாய் திறக்கிறாள்:

*கரை தெரியும் மட்டும் பேசாதே,*
*தெரிந்த பிறகும் கொஞ்ச நேரம் பேசாதே.*

அந்த நாலரை நிமிடத்தை ஒரு மனிதரும் தாண்டவில்லை. வேலை இடத்தில் கேட்கக் கொடுத்தாள். ஒரு நிமிடத்தில் ஃபோனைத் திருப்பிக் கொடுத்து, "நல்லாத்தான் இருக்கு. பாட்டு எப்ப வரும்?" என்றார்கள். கருவாட்டுக் கடை அருளம்மா காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "உது றேடியோவிலை ஸ்டேசன் பிடிக்கிற சத்தமெல்லோ?" என்றாள். யசிந்தாவோ அடுப்படியை விட்டு அசையவே இல்லை. எத்தனை தரம் கூப்பிட்டாலும் ஒரே பதில்தான்.

"பாட்டுத் தொடங்கினாப் பிறகு கூப்பிடு. சோத்தை இறக்கிப்போட்டு வாறன்."

"தொடங்கிட்டுது அம்மா. இதுதான் தொடக்கம்."

"உதோ? உது சும்மா டங்கு டங்கு எண்டு கிடக்குது."

சுவேதினிக்கு நெஞ்சு நொந்தது. வெளியே காட்டமாட்டாள், ஆனால் நொந்தது. ஊர் கேட்காவிட்டால் போகட்டும். பெற்றவள் ஒருதரம் முழுவதும் கேட்கக்கூடாதா?

இந்த நேரத்தில்தான் கொழும்பிலிருந்து ஒருவர் வந்து சேர்ந்தார். இணையத்தில் புதிய பாண்டுகளின் பாட்டுகளை வெளியிடுகிறவர். அல்பம் அவருக்குப் பிடித்திருந்தது. ஒரே ஒரு நிபந்தனை: முதல் பாட்டில் முப்பது செக்கனுக்குள் குரல் வந்துவிட வேண்டும். "இப்ப ஒருதரும் காத்திருக்க மாட்டினம், தங்கச்சி. முன்னுக்கு உள்ளதை வெட்டி அனுப்புங்கோ. சனிக்கிழமை பின்னேரம் ஆறு மணிக்குள்ளை வந்தாச் சரி, இல்லாட்டி அடுத்த வருசம் பாப்பம்" என்றார். ஸாஜித் வெட்டலாம் என்றான். றொஷான் வெட்டக்கூடாது என்றான். நிருஷா, "உன்ரை பாட்டு, நீயே சொல்லு" என்று கழன்றுகொண்டாள். மூன்று வருட உழைப்பை யாரும் கேட்காமலே கிடக்க விடுவதா, இல்லை அதன் தலையை வெட்டி ஊருக்கு அனுப்புவதா? சுவேதினி நாலு நாள் யோசித்தாள். கடைசியில், அவளுடைய வாழ்நாளில் முதல்தடவையாக, அவசரத்துக்குத் தலையாட்டினாள். வெட்டிவிட்டாள். பென்ட்றைவில் இரண்டு ஃபைல் இருந்தன. ஒன்றின் பெயர் 'நீளம்', மற்றதின் பெயர் 'கட்டை'.

"அனுப்ப முன்னம் ஒரு மோட்டு ஸ்பீக்கரிலை ரெண்டையும் கேட்டுப் பாக்கவேணும்" என்றான் ஸாஜித். "நல்ல ஹெட்ஃபோனிலை எல்லாம் நல்லாத்தான் கேக்கும். தகரத்திலையும் நல்லாக் கேட்டாத்தான் அது பாட்டு."

தகரத்துக்கு எங்கே போவது என்று தேடவும் வேண்டியிருக்கவில்லை. மறுநாள் கோயில் திருவிழாக் கொடியேற்றம். ஒலிபெருக்கிக்காரர் லோறன்ஸ் சனிக்கிழமை காலையிலேயே வந்து, கோயில் முற்றத்திலிருந்து கரை வரைக்கும் தூணுக்குத் தூண் குழாய் ஸ்பீக்கர் கட்டத் தொடங்கி, பின்னேரம் நாலரை மணியாகியும் முடிக்காமல் நின்றார். முப்பது வருடமாக ஸ்பீக்கருக்குக் கீழேயே வாழ்ந்து, மனிதருக்கு இடது காது கேட்காது, வலது காது விரும்பினால் கேட்கும்.

"லோறன்ஸ் மாமா, இதை ஒருக்காப் போட்டுப் பாக்கலாமோ?"

"தாங்கோ பிள்ளை. நானும் வயர் பாக்கத்தானே வேணும்" என்று பென்ட்றைவைச் செருகி, இருந்த சுவிச்சு அத்தனையையும் தட்டிவிட்டு, ஏணியைத் தூக்கிக்கொண்டு கரைப்பக்கம் போனார். சுவேதினி முற்றத்துக் குழாய் ஒன்று மட்டுமே வேலை செய்யப் போகிறது என்று நினைத்துக்கொண்டு 'நீளம்' என்ற ஃபைலைத் தட்டினாள். கடைசியாக ஒருதரம் முழுதாகக் கேட்போம் என்ற ஆசை. தூணுக்குக் கீழே போட்டிருந்த கதிரையில் சாய்ந்து கண்ணை மூடினாள். பாட்டுக் கேட்கிறபோது கண்ணை மூடுவது அவள் வழக்கம். ஸாஜித்தும் பக்கத்தில் இருந்து கண்ணை மூடிக்கொண்டான், இரண்டும் ஒரே குட்டையில் ஊறின மட்டைகள்தானே.

தலைக்கு மேலே குழாய் முழங்கியது. ஒரு தட்டு, அடக்கம். ஒரு தட்டு, அடக்கம். தகரத்தில் கேட்டபோது ஒவ்வொரு தட்டும் கனத்து, நீண்டு, காற்றில் போய்க்கொண்டே இருந்தது. ஸாஜித்தின் கிற்றார் வந்தது. ட்றம்ஸ் வந்தது. 'இதையா வெட்டினேன்' என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். நாலரையாவது நிமிடத்தில் நிருஷாவின் குரல் வந்ததும் கண்ணைத் திறந்தாள்.

முற்றம் நிறையச் சனம்.

பெண்கள் தலைக்கு முக்காடு போட்டிருந்தார்கள். சிலர் கையில் செபமாலை. ஆண்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார்கள். ஒருவரும் பேசவில்லை. எல்லாரும் அண்ணாந்து குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பெண்கள் இறந்தோருக்கான செபத்தையே தொடங்கியிருந்தார்கள். முன்வரிசையில் யசிந்தா, கையில் அகப்பையோடு.

"யா அல்லாஹ்" என்றான் ஸாஜித். "ஏன் இவ்வளவு பேர்?"

அவன் தாராபுரத்தான், அவனுக்கு எப்படித் தெரியும்? பள்ளிமுனையில் ஒருவர் கண்ணை மூடினால் கோயில் மணி அடிப்பார்கள். பூசை மணி மாதிரிக் கணகணவென்று அல்ல. ஒரு அடி, அது முழுவதும் அடங்கிய பிறகு அடுத்த அடி. அது கேட்டதும் ஊர் கைவேலையைப் போட்டுவிட்டுக் கோயிலுக்கு நடக்கும். மணி முடிந்ததும் இதே குழாயில்தான் இறந்தவர் பெயரைச் சொல்லுவார்கள். சுவேதினி மூன்று வருடமாக வாசித்துக்கொண்டிருந்தது அந்தத் துக்க மணியைத்தான். அடியும் அதே, இடைவெளியும் அதே. வாசித்தவளுக்கு அது தெரியவில்லை. ஊருக்கு மூன்றாவது தட்டிலேயே தெரிந்துவிட்டது. பெயருக்காகத்தான் இவ்வளவு பேரும் அந்த நாலரை நிமிடத்துக்குள் ஓடிவந்து, வாயைத் திறக்காமல் நிற்கிறார்கள்.

"ஆர்? ஆர் செத்தது?" என்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒருவன் ஓடிவந்தான். முழங்கை வரை எஞ்சின் எண்ணெய். பார்த்தால் றொஷான்!

"டேய், உது நீ அடிச்ச ட்றம்ஸடா!" என்றாள் சுவேதினி.

றொஷான் குழாயைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பிறகு தலையில் கை வைத்தான், தலையெல்லாம் எண்ணெய். "ஐயோ கடவுளே, ஓடி வரேக்கை கேட்டதுதான். பாண்ட் வாத்தியமும் பிடிச்சிருக்கினம், செத்தது பெரிய ஆள்தான் எண்டு நினைச்சனே!"

கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகச் சலசலத்தது. ஊரில் நோயில் கிடந்தவர் செபமாலையர் ஒருவர்தான். எல்லார் கண்ணும் அவர் வீட்டு ஒழுங்கைப் பக்கம் திரும்பியது. அந்த ஒழுங்கையால் பொல்லை ஊன்றிக்கொண்டு, மகளின் தோளைப் பிடித்தபடி, செபமாலையரே வந்துகொண்டிருந்தார்.

"நாங்கள் உங்களுக்கெண்டெல்லோ நினைச்சம்!" என்றாள் அருளம்மா, நெஞ்சில் கை வைத்து.

"நானும் எனக்கெண்டுதான் நினைச்சனான்" என்றார் செபமாலையர். "அதுதான் ஒருக்காக் கேட்டிட்டுப் போவமெண்டு வந்தனான்."

அவ்வளவுதான், முற்றம் வெடித்துச் சிரித்தது. சிரித்து முடிந்ததும் ஏச்சுத் தொடங்கியது. ஒருவருக்குத் தேங்காய்ப்பால் திரைந்து போச்சாம். இன்னொருவருக்கு வலை பாதியில் கிடக்குதாம். செபமாலையரின் உயிலங்குளத்து மருமகன் ஃபோனில் சேதி கேட்டு மோட்டார்சைக்கிளில் புறப்பட்டுவிட்டாராம். சுவேதினிக்கு நிலம் பிளந்து விழுங்காதா என்றிருந்தது. சத்தம் கேட்டு ஓடிவந்த ஃபாதர், சிரிப்பை அடக்குவதற்காக முகத்தைக் கோபமாக வைத்துக்கொண்டு, "லோறன்ஸ், முதல்லை மைக்கைப் பிடிச்சு விசயத்தைச் சொல்லும்" என்றார்.

கரையிலிருந்து ஏணியோடு அப்போதுதான் திரும்பியிருந்த லோறன்ஸ் பாட்டை நிறுத்தி மைக்கைப் பிடித்தார். பாவம், மைக்கில் சொல்ல அவருக்கு முப்பது வருடமாக ஒரே வசனம்தான் பழக்கம். தொண்டையைச் செருமினார்.

"பள்ளிமுனையைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட ஒருவரும் இன்று இறைவனடி சேரவில்லை என்பதை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவருக்கும் ஆழ்ந்த துயருடன் அறியத் தருகின்றோம்."

"துயரோ!" என்று கத்தினார் செபமாலையர்.

சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது. அப்போதுதான் அருளம்மா இடுப்பில் கையை வைத்தாள். "சரி லோறன்ஸ், ஏன் பாட்டை நிப்பாட்டினனீர்? அந்தப் பிள்ளை என்னவோ சொல்ல வெளிக்கிட்டுதெல்லோ. இவ்வளவு நேரம் காலும் உளைய நிண்டிட்டம், என்ன சொல்லுதெண்டு கேட்டிட்டே போவம்."

லோறன்ஸ் மறுபடி போட்டார். நிருஷாவின் குரல் பதினொரு குழாயிலும் எழும்பிக் கரைவரை போனது. எல்லாரும் நின்றார்கள் என்று பொய் சொல்லமாட்டேன். பாதிப்பேர் சட்டிபானையை நினைத்துக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சப்பேர் மதிலிலும் படியிலும் குந்தினார்கள். செபமாலையருக்கு ஒருவர் கதிரை கொடுத்தார். மூன்றாவது பாட்டு முடியும் மட்டும் அவர் எழும்பவில்லை. ஃபாதர்கூடக் கைகட்டித் தூணில் சாய்ந்து நின்றார். யசிந்தாவைத்தான் காணவில்லை. விசயம் தெரிந்ததும் அகப்பையோடு வீட்டுக்குப் போய்விட்டாள் என்றார்கள்.

சுவேதினி பின்னேரம் ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்தாள். ஒழுங்கை முனையிலேயே அடிப்பிடித்த சோற்று மணம். மேசைக்கு முன்னால் உட்கார்ந்து கொம்பியூட்டரைத் திறந்தாள். 'கட்டை'யை எடுத்து வைத்தாள். ஊரைக் கூட்டிச் சிரிக்க வைத்தது போதும், கொழும்புக்காரர் சொன்னபடி வெட்டின மாதிரியே போகட்டும். ஆறு மணிக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

யசிந்தா பின்னால் வந்து நின்றாள். ஏச்சு விழப்போகிறது என்று சுவேதினி தோளைக் குறுக்கினாள்.

"அப்பாவுக்கு மணி அடிக்கேக்கை நீ கோயில் மதிலோடை நிண்டு ஒவ்வொண்டா எண்ணிக்கொண்டு நிண்டனீ" என்றாள் யசிந்தா. "பதினொரு வயசு. நான் கூப்பிடக் கூப்பிட வரேல்லை. முடியட்டும் அம்மா எண்டனீ."

சுவேதினிக்கு அது ஞாபகமே இல்லை. ஏன் இவ்வளவு ஆறுதலாக வாசிக்கிறாய் என்று எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள், ஒரு நாளும் பதில் தெரிந்ததில்லை. இப்போது கண் நிறைந்து கொம்பியூட்டர் எழுத்தெல்லாம் கலங்கியது.

"என்ன செய்யப் போறாய்?"

"முன்னுக்கு உள்ளதை வெட்டிட்டன் அம்மா. கொழும்பிலை அப்பிடித்தான் கேக்கினம். இதை அனுப்பப் போறன்."

"முன்னுக்கெண்டா? நாங்கள் ஓடி வந்துகொண்டிருந்த நேரமோ?"

"ஓம்."

யசிந்தா குனிந்து திரையைப் பார்த்தாள். "அதை வெட்டினா, நாங்கள் எப்பிடியடி வந்து சேருறது?" என்றாள்.

சுவேதினி தாயைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு 'கட்டை'யை அழித்துவிட்டு 'நீளம்' என்ற ஃபைலை அனுப்பினாள். ஆறுக்கு இரண்டு நிமிடம் இருந்தது. கொழும்புக்காரர் வெளியிட்டால் வெளியிடட்டும், இல்லையென்றால் லோறன்ஸ் மாமாவின் குழாய் இருக்கவே இருக்கிறது.

அடுப்படியில் பானையை இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது. யசிந்தா ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, கதிரையை இழுத்து மகளுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

"சோத்தை இறக்கிப்போட்டன்" என்றாள். "முதல்லை இருந்து போடு."